மலையேறி வரவேண்டிய பாடம்

தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பெரும்பாலும் மழை பிடித்ததிலிருந்து பனி முடியும் வரை தலைதூக்குகிறது. கொடைக்கானல் கீழ்மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். புதரிலும் புல்லிலும் காத்திருக்கும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு மனிதர் உடம்பில் ஏறிக் கடிக்கிறது. கடித்தது தெரியாது. கிட்டத்தட்ட பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், தலை பிளக்கும், உடம்பு முறித்துப்போடும். 'மழையில் நனைஞ்சது, சரியாப்போயிரும்' என்று கசாயம் வைத்துக் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள்.

இந்தக் காய்ச்சலைப் பலரிடம் காட்டிக்கொடுப்பது ஒரு சின்னப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டதுபோலக் கருத்து, ஓரம் சிவந்து, வலியில்லாமல் இருக்கும். அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா இறுகும் இடுப்பில் ஒளிந்திருக்கும். எல்லா நோயாளிக்கும் அது வருவதில்லை. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஏறிவிடும். அப்படி முற்றிய நோயாளிகளுக்கு ஒரு மருந்தைவிட இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. அவ்வளவு தூரம் போகாமல் தடுப்பதுதான் நம் பேச்சு.

பாவாடை நாடா இறுகும் இடத்தை யார் பார்ப்பார்கள்? நூறு பேர் வரிசையில் நிற்கும் மருத்துவமனையில் ஒரு டாக்டர் பார்ப்பது கடினம். ஊரிலேயே சுகாதாரப் பணி செய்யும் அடுத்த வீட்டுப் பெண் பார்ப்பாள். "அக்கா, கொஞ்சம் திரும்புங்க, இடுப்புல ஏதும் புண்ணு இருக்கான்னு பாத்துக்கிறேன்" என்று அவளால் கேட்க முடியும். மருத்துவத்தின் முதல் படியில் அவள்தான் நிற்கிறாள். அப்படியானால், அந்தப் பொருக்கைத் தேட வேண்டும் என்பதை அவள் எங்கே, எப்படிக் கற்றாள்? எப்படிக் கற்றுக்கொடுத்தால் அது அவள் கையில் நிற்கும்?

பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கும் சாலையை ஒட்டிய கீழ்மலை ஊர் வடகவுஞ்சி. காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சௌசௌ, இப்போது பட்டர் புரூட் என்று ஒரே சரிவில் எல்லாம் விளையும். சில ஏக்கர் சொந்தத்தில் வைத்திருப்பவர்கள், பெரிய தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள், காட்டோரக் குடியிருப்புகளில் இருக்கும் பளியர்கள் என்று வேலை செய்யும் கைகள் பலவிதம். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். யானையும் காட்டெருமையும் நடமாடும் வழிகள் என்பதால் இருட்டிய பின் கூட்டம் போட முடியாது. ஒரு வளைவில் இருக்கும் செல்போன் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது.

இப்படிப்பட்ட ஊர்களில் உடல்நலம் பார்க்கும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் நர்சம்மா என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர் முதல் ஆள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். மற்ற மாநிலங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் 'ஆஷா' பணியாளர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே நியமிக்கப்பட்டார்கள். அங்கன்வாடி ஊழியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நர்சம்மாவைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். தோட்ட வேலையின் அலுப்பும் கூலிக் கணக்கும் அவர்களுக்குத் தெரியும். பழ சீசனில் தாங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு.

இவர்களுக்கு நடக்கும் பயிற்சி நாட்டின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஊரிலிருந்து நகரத்துக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் புரஜெக்டர். காலை முதல் மாலை வரை ஒருவர் பேசுவார். சாப்பாடு, கையெழுத்து, ஒரு புத்தகம், திரும்பவும் பஸ். போகும் நாளில் தோட்டக் கூலி போய்விடும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் கவலையில் பிற்பகல் பாடம் காதில் ஏறாது.

இந்தப் பயிற்சியால் எவ்வளவு மாற்றம் வருகிறது? நடுத்தர, ஏழை நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களின் செயல்பாட்டை மேம்படுத்த எடுத்த முயற்சிகள் பற்றிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நர்ஸ், டாக்டர் போன்ற முறையாகப் படித்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தால் அவர்கள் வேலை சராசரியாகப் பத்து சதவீதப் புள்ளி அளவு மேம்பட்டது. பயிற்சியோடு கூட இருந்து மேற்பார்த்து வழிநடத்தினால் அது 18 ஆனது. அச்சிட்ட காகிதத்தை மட்டும் கொடுத்தபோதும், போன், கம்ப்யூட்டர் வழியை மட்டும் நம்பியபோதும் ஒன்றரைப் புள்ளியைக்கூடத் தொடவில்லை. ஊர்மட்டப் பணியாளர்களின் கணக்குதான் நெஞ்சில் தைக்கிறது. பயிற்சி மட்டும் கொடுத்தபோது அவர்களுக்குக் கிடைத்த மேம்பாடு 2.4 புள்ளி. ஊர்மக்களின் ஆதரவும் சேர்ந்து வந்த இடங்களில்தான் அதைவிடப் பெரிய மாற்றம் தெரிந்தது.

அந்தப் பெண்களுக்கு மண்டையில் ஏறவில்லை என்று இதைப் படித்தால் அது பெரும் அநியாயம். பாடம் நடந்த இடமும் வேலை நடக்கும் இடமும் வேறு வேறாக இருந்தன. மறுநாள் காலை ஒரு குடிசை வாசலில் காய்ச்சல்காரர் முன் நிற்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

எப்படிக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று இந்தப் பணியாளர்களைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்: நேரில் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், எங்கள் கையால் செய்யவிடுங்கள், எங்களைப்போல வேலை பார்க்கிற இன்னொருத்தியோடு பேசவிடுங்கள், எங்கள் பேச்சில் சொல்லுங்கள், ஊருக்குத் திரும்பத் திரும்ப வாருங்கள்.

விருப்பம் என்பது வேறு, கற்றல் என்பது வேறு என்று அறிவியல் எச்சரிக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 'நான் பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவள்' என்று ஆளுக்கொரு கற்றல் பாணி இருப்பதாகப் பள்ளிகளில் இன்றும் சொல்கிறார்கள். பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதினார்கள். 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவு அழகான சொற்பொழிவைக் கேட்டது. மறு பிரிவு குழுவாக உட்கார்ந்து கணக்குகளோடு மல்லுக்கட்டியது. மல்லுக்கட்டியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்களே. இன்னொரு சோதனை 2006-இல் வந்தது. ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். படித்து முடித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டபோது மட்டும் நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். பயிற்சி முடிந்த அன்று மாலையே தேர்வு வைத்து எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதுவது இதனால்தான் ஏமாற்றும்.

ஆக, 'கேள்வி கேட்காதீங்க, கூச்சமா இருக்கு' என்று ஒரு பணியாளர் சொன்னால் அதை அப்படியே ஏற்க முடியாது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது மனத்தில் பதிய வேண்டும் என்றால் தேவை. கூச்சம் தராத விதத்தில் அதைச் செய்வது சொல்லிக்கொடுப்பவரின் பொறுப்பு. மற்றபடி அவர்கள் கேட்பதைப் பாருங்கள்: செய்து பழகுவது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவது, உடன் ஒருவர் இருப்பது. ஆய்வுகள் எதைப் பரிந்துரைக்கின்றனவோ அதையே அவர்கள் கேட்கிறார்கள். இடம், நேரம், கூலி பற்றி அவர்கள் சொல்வது தங்கள் வாழ்க்கையைப் பற்றிய தகவல். அதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

இந்த வழி நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து டாக்டராகப் படித்த சௌந்திரம் அம்மையார், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த கஸ்தூர்பா மருத்துவமனையும், 1964-இல் ஏற்பட்ட ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனமும் பல மாவட்டங்களின் சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்தன. சுற்றியிருந்த ஆத்தூர் வட்டாரக் கிராமங்களே அங்கு பாடசாலையாக இருந்தன.

காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்த ஓர் இளம் டாக்டர் தம்பதி, ரெஜி ஜார்ஜும் லலிதாவும், 1993-இல் தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்டிலிங்கிக்குப் போனார்கள். ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் தொடங்கியது. நர்ஸ்கள் வெளியூரிலிருந்து வந்து தங்கமாட்டார்கள் என்பதால் அங்குள்ள மலையாளிப் பழங்குடி இளம்பெண்களையே எடுத்து, நோயாளி பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரசவம் பார்க்க, தையல் போட, அறுவை அறையில் உதவ அவர்கள் கற்றார்கள். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்த மூத்த பெண்கள் தங்கள் கிராமத்துக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டார்கள். கூடலூரிலும் 1980-களின் பிற்பகுதியில் ஆதிவாசிகள் தங்கள் ஊர்களின் சுகாதாரப் பணியாளர்களானார்கள். 1990-இல் எழுந்த அஸ்வினி மருத்துவமனையின் நர்ஸ்களும் அந்தச் சமூகங்களிலிருந்தே வந்தார்கள். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் பெண்கள் ஊசி போடவும் இரத்தம் பரிசோதிக்கவும் கற்றது, பரிசோதிக்க வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

தோட்டத் தொழிலாளரிடையே இதைச் செய்த அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. குன்னூரில் இருக்கும் உபாசி என்ற தோட்ட அதிபர் சங்கம் 1970-களில் தொடங்கிய தொழிலாளர் நலத் திட்டத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்தே இணைப்புப் பணியாளர்களை எடுத்து, அவரவர் லைன் வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். மருத்துவமனைக்கு வரத் தயங்கியவர்களை அவர்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

எழுத்துப் படிக்காதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் நம் நாட்டுக் கண்டுபிடிப்புகள் உலகத் தரமானவை. மராட்டியத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி, குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று பார்க்க மூச்சை எண்ணும் ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகளும். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். நிமிடம் முடிவதற்குள் எல்லை மணி வந்துவிட்டால் ஆபத்து. பெரிய எண்களை எண்ணத் தெரியாத தாதியும் அதை வைத்துச் சரியாகச் சொன்னார். அதே கட்சிரோலியில், பிறந்த குழந்தையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கிராமப் பெண்களைப் பழக்கியபோது, பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று நாடெங்கும் ஆஷா பணியாளர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நாற்பத்திரண்டாம் நாள் வரை போய்ப் பார்ப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

அதே மராட்டியத்தின் ஜாம்கேட்டில் 1970 முதல் ரஜனிகாந்த், மேபல் ஆரோலே தம்பதி செய்தது இன்னும் எளிது. கிராமப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். பலருக்கு எழுதத் தெரியாது, பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அந்த வாரம் என்ன நடந்தது, யார் செத்தார், ஏன் செத்தார், என்ன செய்திருக்கலாம் என்று பேசுவார்கள். ஒருத்தி பட்ட பாடு மற்றவளுக்குப் பாடம். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, குழுவாகச் சிக்கலை அவிழ்ப்பது என்று இன்றைய ஆய்வுகள் தனித்தனியே பெயரிடும் மூன்றும் அந்த ஒரு சந்திப்பில் இருந்தன.

மெக்சிகோவின் சினலோவா மலைகளில் உழவர்களுக்கு வைத்தியம் கற்பித்த டேவிட் வெர்னர், 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற பொருளில் எழுதிய நூல் உலகின் பல மொழிகளுக்குப் போனது. 1982-இல் பில் போவரோடு சேர்ந்து அவர் எழுதிய அடுத்த நூல் முழுக்க முழுக்கப் பணியாளர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதில் ஒரு சுரைக்குடுக்கை வருகிறது. குடுக்கைக்கு முகம் வரைந்து, கீழே ஒரு துளை போட்டு அடைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே திறந்த வாயின்மேல் ஈரத் துணியைப் பரப்புவார்கள். அடைப்பை எடுத்தால் தண்ணீர் இறங்க இறங்க மேலே துணி குழியும். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உச்சிக்குழி ஏன் உள்வாங்குகிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். திரும்ப நிரப்பினால் துணி மேலே வரும். சுரைக்குடுக்கை கிடைக்காத மலை ஊர் நம்மிடம் இல்லை.

போனில் கற்பதை நான் தள்ளிவிடவில்லை. பீகாரில் 2012 முதல் ஆஷா பணியாளர்களுக்குப் படம் போட்ட அட்டைகளையும், எந்தச் சாதாரணப் போனிலிருந்தும் எண்ணை அழுத்திக் கேட்கக்கூடிய குரல் பாடங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அட்டையைக் காட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டால், டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்வார். சிக்னல் விட்டுவிட்டு வரும் வடகவுஞ்சிக்கு வீடியோவைவிடக் குரல் பொருந்தும். முதலில் ஒருவர் நேரில் காட்டியதை நினைவூட்ட அது நல்ல துணை. அந்த முதல் தடவைக்கு அது மாற்றாகாது. நோயாளியின் புண்ணைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போடும் பழக்கம் பரவிவருகிறது. அவர் சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்பதையும் முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் சொல்லவேண்டிய சிலவற்றுக்கு உடம்பைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. பூச்சிமருந்து அடித்தவருக்கு எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் அது விஷம் ஏறியதன் அடையாளம். உடனே துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை ஒருநாளில் சொல்லிவிடலாம். 'கையுறை கொடுங்க, காத்து அடிக்கும்போது மருந்து அடிக்கச் சொல்லாதீங்க' என்று தோட்டக்காரரிடமோ மேஸ்திரியிடமோ பேசுவதற்கு வேறொரு பயிற்சி வேண்டும், அதுவும் தன் புருஷனும் அண்ணனும் அதே தோட்டத்தில் கூலி வாங்கும்போது. ஒருவர் மேஸ்திரியாக நடிக்க, மற்றவர் பேசிப் பார்க்க வேண்டும். 1991-இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியும் இதைப் போன்றதுதான். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் வயல்வேலைக்கும் கல்குவாரிக்கும் போன ஆயிரக்கணக்கான பெண்கள் பாட்டும் நாடகமுமாக எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அவர்களுக்குப் பேசும் துணிச்சல் கூட்டமாகக் கற்றதில் வந்தது.

கொடைக்கானல் வட்டாரத்தில் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளிடமும், தொண்டு நிறுவனங்களிடமும், தோட்ட உரிமையாளர்களிடமும் கேட்பது இவ்வளவுதான். பழம் பறிக்கும் மாதங்களில் முழுநாள் கூட்டம் வைக்காதீர்கள். காய்ச்சலும் அறுவடையும் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே, மலைக்கு வாருங்கள். மாதம் ஒரு அரைநாள் போதும், இருட்டும் முன் வீடு சேரும்படி. போகும் கூலியை ஈடுகட்டுங்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில வாரம் நர்சம்மாவோடு வீடு வீடாக நடக்கவிடுங்கள். பளியர் குடியிருப்புக்குப் பளியப் பெண்ணையே பழக்குங்கள். ஸ்க்ரப் டைபஸ் பொருக்கோடு ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால், அவர் சம்மதத்தோடு, அந்த வாரமே பணியாளர்களை வரவழைத்து நேரில் காட்டுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை தேடிப் பார்ப்பார்.